கடன் வாங்கிய இசை, சொந்தக் குரல்: பிரிட்டனின் கன்ட்ரி பாடகர்களைக் கேட்கத் தொடங்குவோருக்கு

2016 செப்டம்பரில் வார்ட் தாமஸ் என்ற பெயரில் பாடும் கேத்தரின், லிஸ்ஸி என்னும் இரட்டைச் சகோதரிகளின் ‘கார்ட்வீல்ஸ்’ ஆல்பம் பிரிட்டனின் ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அவர்கள் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் கிராமப்புறத்தில் வளர்ந்தவர்கள். பாடுவது கன்ட்ரி இசை. பிரிட்டனைச் சேர்ந்த கன்ட்ரி கலைஞர்கள் அந்த இடத்தை எட்டியது அதுவே முதல் முறை. அதற்கு முந்தைய ஆண்டு தி ஷயர்ஸ் என்ற இருவர் குழுவின் ‘பிரேவ்’ முதல் பத்து இடங்களுக்குள் நுழைந்தபோது, அதுவும் பிரிட்டிஷ் கன்ட்ரிக்கு முதல் முறையாகவே இருந்தது. இவர்களைத் தொடர்ந்து கையில் கிடாரும் சொந்தப் பாடல்களுமாக ஆண்டுதோறும் புதிய இளைஞர்கள் பிரிட்டனின் மேடைகளுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள்.

அவர்களைப் பற்றிய அறிமுகக் குறிப்புகளில் இரண்டு செய்திகள் தவறாமல் இடம்பெறும். யார் யாருடைய இசையின் தாக்கத்தில் வளர்ந்தார் என்பது ஒன்று; எங்கெங்கே மேடையேறினார் என்பது மற்றொன்று. இவை வெறும் விவரப் பட்டியல்கள் அல்ல என்பதும், ஒன்றில்லாமல் மற்றொன்றைப் புரிந்துகொள்ள முடியாது என்பதும் என் உறுதியான எண்ணம். ஒரு புதிய பாடகர் பிறரிடமிருந்து எடுத்துக்கொண்டதில் எது அவருடையதாக மாறியது, எது ஒட்டாமல் உதிர்ந்தது என்பதை முடிவு செய்யும் இடம் மேடைதான். அது நடக்கும் விதத்தை, இந்த இசையை இதுவரை அதிகம் கேட்டிராதவர்களுக்காக, அடிப்படையிலிருந்து தொடங்கி இங்கே விளக்க முயல்கிறேன்.

முதலில் கன்ட்ரி என்றால் என்ன என்று பார்ப்போம். அமெரிக்காவின் தென்பகுதியில், குறிப்பாக அப்பலாச்சியன் மலைப்பகுதியில், உழைக்கும் மக்களிடையே வழங்கிய பாட்டும் இசையும் ஒலிப்பதிவுத் தொழிலின் கைக்கு வந்தபோது உருவான வகை இது. 1927ஆம் ஆண்டு கோடையில் ரால்ஃப் பியர் என்ற ஒலிப்பதிவாளர் டென்னசி மாநிலத்தின் பிரிஸ்டல் என்னும் சிற்றூருக்கு வந்து, சுற்றுவட்டாரப் பாடகர்களை வரவழைத்துப் பதிவு செய்தார். கார்ட்டர் குடும்பத்தினரும் ஜிம்மி ரோட்ஜர்ஸும் தங்கள் முதல் பாடல்களைப் பதிவு செய்தது அங்கேதான். கன்ட்ரி இசையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அந்த நாட்களையே தொடக்கப் புள்ளியாகக் கொள்கிறார்கள். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1925இல், நாஷ்வில் நகரிலிருந்து ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ வானொலி நிகழ்ச்சி ஒலிபரப்பாகத் தொடங்கியிருந்தது. நாளடைவில் நாஷ்வில் இந்த இசையின் தலைநகராயிற்று.

ஆனால் அந்த மலைப்பகுதி மக்களின் பாடல்கள் எங்கிருந்து வந்தன? இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்தின் வடபகுதி ஆகிய இடங்களிலிருந்து குடியேறியவர்கள் தங்கள் கதைப்பாடல்களைக் கூடவே கொண்டுபோயிருந்தார்கள். 1916 முதல் 1918 வரை செசில் ஷார்ப் என்ற ஆங்கில நாட்டுப்பாடல் சேகரிப்பாளரும் அவருடைய உதவியாளர் மாட் கார்பெலெஸும் அப்பலாச்சியன் மலைகளில் அலைந்து பாடல்களைச் சேகரித்தபோது, தங்கள் நாட்டில் மறைந்துகொண்டிருந்த பாடல்கள் அங்கே உயிரோடு வழங்கிவருவதைக் கண்டார்கள். ‘பார்பரா ஆலன்’ என்னும் கதைப்பாடலை லண்டன்வாசியான சாமுவேல் பெப்பிஸ் 1666 ஜனவரியில் தம் நாட்குறிப்பில் குறிப்பிடுகிறார். இருநூற்றைம்பது ஆண்டுகள் கழித்து அதே பாடல் அமெரிக்க மலைவீடுகளில் பல வடிவங்களில் பாடப்பட்டுக்கொண்டிருந்தது. மணமாகித் தொலைவூர் சென்ற பெண், பேரன் பேத்திகளோடு தாய்வீட்டுக்கு வருவதைப் போலத்தான் இந்த இசை பிரிட்டனுக்குத் திரும்பியது: முகச்சாயல் அதே, பேச்சும் பழக்கமும் வேறு.

அந்தப் பேச்சும் பழக்கமும் மாறியதற்கு முதன்மையான காரணம் கறுப்பின மக்கள். இதைச் சொல்லாமல் கன்ட்ரியின் வரலாற்றைச் சொல்வது நேர்மையாகாது. பேஞ்சோ என்னும் நரம்புக் கருவியின் மூலவடிவம் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு வந்தது. கார்ட்டர் குடும்பத்தின் ஏ. பி. கார்ட்டர் பாடல்களைத் தேடி ஊர் ஊராகப் போனபோது அவருடன் சென்று மெட்டுகளை நினைவில் நிறுத்திக்கொண்டு வந்தவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிடார் கலைஞர். ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’யின் தொடக்ககால நட்சத்திரங்களில் ஒருவரான டிஃபோர்ட் பெய்லியும் கறுப்பினத்தவரே, மௌத் ஆர்கன் வாசித்தவர். வழுக்கிச் செல்லும் ஸ்டீல் கிடாரின் ஒலி ஹவாய்த் தீவுகளிலிருந்து வந்தது. ஆகவே, பிரிட்டனில் ஒருவர் கன்ட்ரி பாடுவது இன்னொருவர் வீட்டுக்குள் புகுவதாகாது. அதே நேரத்தில் அது முழுக்கத் தன் வீடு என்று உரிமை கொண்டாடவும் முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள நிலைதான் பிரிட்டிஷ் பாடகரின் தொடக்கநிலை.

இந்த இசை திரும்பிவந்ததும் அண்மையில் அல்ல. கிளாஸ்கோவில் பிறந்த லோனி டோனகன், அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் லெட் பெல்லியிடமிருந்து கற்ற ‘ராக் ஐலண்ட் லைன்’ பாடலால் 1956இல் பிரிட்டன் முழுவதும் அறியப்பட்டார். அதைக் கேட்டு ஆயிரக்கணக்கான சிறுவர்கள் மலிவான கிடார்களை வாங்கினார்கள். லிவர்பூலில் ஜான் லென்னன் தொடங்கிய முதல் குழுவும் அந்த அலையில் பிறந்ததே. 1966இல் அமெரிக்கக் கன்ட்ரி பாடகர் ஜிம் ரீவ்ஸின் பாடல், அவர் விமான விபத்தில் இறந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, பிரிட்டனில் முதலிடம் பெற்றது. (இலங்கை வானொலியின் ஆங்கில ஒலிபரப்பைக் கேட்டு வளர்ந்த நம்மவர் பலருக்கும் ஜிம் ரீவ்ஸின் மென்குரல் அறிமுகமானதே.) 1969 முதல் லண்டன் வெம்ப்ளியில் மெர்வின் கான் நடத்திய கன்ட்ரி இசை விழா நாஷ்வில்லின் பெருங்கலைஞர்களை ஆண்டுதோறும் அழைத்துவந்தது. கேட்பவர்கள் எப்போதும் இருந்தார்கள். தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எழுதிப் பாடும் உள்ளூர்க் கலைஞர்களுக்குப் பரவலான கவனம் கிடைப்பதற்குத்தான் நெடுங்காலம் பிடித்தது.

இனி, தாக்கம் என்ற கருத்துக்கு வருவோம். அமெரிக்கக் கன்ட்ரியின் புகழ்பெற்ற பாடகியான டாலி பார்ட்டனின் தாக்கம் தன்னிடம் உண்டு என்று ஒரு பாடகர் சொல்லும்போது, புதிதாகக் கேட்பவர் டாலியைப் போன்ற குரலை எதிர்பார்ப்பது இயல்பு. பெரும்பாலும் அந்த எதிர்பார்ப்பு ஏமாற்றத்தில்தான் முடியும், ஏனென்றால் எடுத்துக்கொள்ளப்பட்டது குரலாக இருக்க வேண்டியதில்லை. டாலியின் ‘ஜோலீன்’ பாடலையே எடுத்துக்கொள்ளுங்கள். 1973இல் வெளியான அந்தப் பாடலில் ஒரு பெண், தன் கணவனைப் பறித்துக்கொள்ள வேண்டாம் என்று இன்னொரு பெண்ணிடம் மன்றாடுகிறாள். பல்லவி முழுவதும் அந்த மற்றவளின் பெயர் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. வசை இல்லை; எதிரியின் அழகைப் புகழ்ந்துகொண்டே கெஞ்சுகிறாள். மெட்டு நான்கைந்து கார்டுகளை (ஒருசேர ஒலிக்கும் சுரக் கூட்டுகளை)த் தாண்டுவதில்லை. இதைக் கேட்டு வளர்ந்த ஒருவர் விரல்களால் கிடாரை மீட்டும் ஓட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். பாடலை ஒரே ஆளிடம் நேராகப் பேசுவதாக அமைக்கும் உத்தியை எடுத்துக்கொள்ளலாம். தன்னைத் தோற்றவளாகக் காட்டிக்கொள்ளும் துணிச்சலையும் எடுத்துக்கொள்ளலாம். மூன்றும் தாக்கம்தான். மூன்றாவதைக் காதால் மட்டும் கேட்டுக் கண்டுபிடிக்க முடியாது. வரிகளைக் கவனிக்க வேண்டும்.

கன்ட்ரியில் கதைக்கு இருக்கும் இடம் இந்த வகையை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுகிறது. பெரும்பாலான பாப் பாடல்கள் ஓர் உணர்ச்சியைப் பிடித்துக்கொண்டு அதைச் சுற்றிவரும். நல்ல கன்ட்ரி பாடலில் ஆள் இருப்பார், ஊர் பெயரோடு வரும், ஏதாவது நடக்கும். முதல் சரணத்துக்குப் பின் கேட்ட பல்லவிக்கு, மூன்றாவது சரணத்துக்குப் பின் கேட்கும்போது வேறு பொருள் வந்திருக்கும். சொற்கள் எளியவை, ஆனால் பொருட்கள் குறிப்பானவை: எந்தச் சாலை, எந்த வண்டி, மேசைமேல் என்ன இருந்தது என்பவை சொல்லப்படும். பிரிட்டிஷ் எழுத்தாளருக்கு முதல் சிக்கல் இங்கேதான் வருகிறது. அமெரிக்கப் பாடல்களில் வரும் நெடுஞ்சாலையும் பிக்கப் வண்டியும் மாநில எல்லையும் அவருடைய அன்றாடத்தில் இல்லை. அவற்றை அப்படியே தன் பாடலில் வைத்தால் கேட்பவர் ஒரு வரியிலேயே கண்டுகொள்வார். தி ஷயர்ஸ் தங்கள் பெயரையே இங்கிலாந்தின் ஷயர் மாவட்டங்களிலிருந்து எடுத்ததும், சாம்பல் நிற வானத்தின் கீழேயே நமக்கொரு நாஷ்வில்லைக் கட்டிக்கொள்ளலாம் என்ற பொருளில் ஒரு பாடல் எழுதியதும் இந்தச் சிக்கலுக்கு அவர்கள் தந்த நேரடியான விடை. மழையையும் ரயில் நிலையத்தையும் வாடகை அறையையும் பாடுவதால் கன்ட்ரி குறைந்துவிடாது என்பதை அடுத்து வந்தவர்கள் புரிந்துகொள்ள இது உதவியது என்றே நினைக்கிறேன்.

சிக்கலின் இன்னொரு முனை உச்சரிப்பு. பிரிட்டிஷ் பாடகர் ஏன் அமெரிக்கரைப் போலப் பாடுகிறார் என்ற கேள்வி அடிக்கடி எழும். மொழியியலாளர் பீட்டர் ட்ரட்கில் 1983இல் வெளியிட்ட ஆய்வொன்றில் பிரிட்டிஷ் பாப் பாடகர்களின் உச்சரிப்பை ஆராய்ந்து, அவர்கள் பாடும்போது மட்டும் சில அமெரிக்க ஒலிகளை மேற்கொள்கிறார்கள் என்று காட்டினார்: சொல் இறுதியில் வரும் ‘ர்’ ஒலியை அழுத்திச் சொல்வது, இரு உயிரொலிகளுக்கு நடுவில் வரும் ‘ட்’டை மென்மையாக்குவது, ‘மை’ என்பதை ஏறக்குறைய ‘மா’ என்று நீட்டுவது போன்றவை. எந்த இசையைப் பாடுகிறோமோ அந்த இசையின் மூலக் கலைஞர்களோடு தன்னை இணைத்துக்கொள்ளும் விருப்பமே இதற்குக் காரணம் என்பது அவருடைய விளக்கம். கன்ட்ரியில் இந்த இழுப்பு இன்னும் வலிது. பாடலின் சந்தமே அமெரிக்கத் தென்மாநிலங்களின் பேச்சு நீட்டலைச் சார்ந்து அமைந்திருப்பதால், லண்டன் உச்சரிப்பில் அதைப் பாடும்போது அசைகள் குறுகிச் சந்தம் இடறும்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு நுட்பம் உண்டு. ‘ர்’ ஒலியை அழுத்திச் சொல்வது அமெரிக்கர்களுக்கு மட்டும் உரியதன்று. ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் இங்கிலாந்தின் தென்மேற்கிலும் மக்கள் இயல்பாகவே அப்படித்தான் பேசுகிறார்கள். அப்பகுதிகளிலிருந்து போனவர்கள் வழியாகவும் அந்த ஒலி அமெரிக்கா சென்றது. எனவே கிளாஸ்கோ பாடகர் ஒருவர் அந்த ஒலியோடு பாடினால் அது நடிப்பா, பிறந்த ஊர்ப் பேச்சா என்று கேட்பது பொருளற்றது. புதிதாகக் கேட்பவருக்கு நான் சொல்வது இது: பாடகர் இரண்டு பாடல்களுக்கு நடுவே பேசும் குரலையும் பாடும் குரலையும் ஒப்பிட்டுக் கேளுங்கள். இரண்டுக்குமான இடைவெளி ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவந்தால், அவர் தன் குரலை நோக்கி நகர்கிறார்.

தாக்கங்கள் ஒன்றுகூடி எப்படி ஒரு தனிக் குரலாகின்றன என்பதற்கு யோலாவைவிடச் சிறந்த எடுத்துக்காட்டை நான் அறியேன். 1983இல் பிரிஸ்டலில், அதாவது அமெரிக்கப் பிரிஸ்டலுக்குப் பெயர் தந்த ஆங்கிலேய நகரில், பிறந்து அதன் அருகிலுள்ள போர்ட்டிஸ்ஹெட்டில் வளர்ந்த கறுப்பினப் பெண் அவர். தாயின் இசைத்தட்டுச் சேகரிப்பில் டாலி பார்ட்டனும், சோல் என்னும் கறுப்பின அமெரிக்க இசைவகையின் பாடகி அரீத்தா ஃப்ராங்க்ளினும் அடுத்தடுத்து இருந்தார்கள். தாய்க்கோ மகள் இசையைத் தொழிலாகக் கொள்வதில் விருப்பமில்லை. யோலா இளம் வயதில் லண்டனில் தங்க இடமில்லாமல் தெருவில் இருந்த காலமும் உண்டு. பிறருடைய பாடல்களுக்குக் குரல் கொடுத்தும், ஃபேன்டம் லிம்ப் என்ற குழுவில் பாடியும் பல ஆண்டுகளைக் கழித்த பின்னரே தன் பெயரில் பாடத் தொடங்கினார். 2016இல் நாஷ்வில்லில் நடக்கும் அமெரிக்கானா இசை விழாவில் அவர் பாடியது பலருடைய கவனத்தை ஈர்த்தது. பாடகரும் தயாரிப்பாளருமான டேன் ஆவர்பாக்கின் கவனமும் அவர்மீது விழுந்தது. அதன் விளைவு 2019இல் வெளியான ‘வாக் த்ரூ ஃபயர்’ ஆல்பம்.

(அமெரிக்கானா என்பது கன்ட்ரி, ஃபோக், புளூஸ், சோல் ஆகியவற்றின் வேர்களைக் கலந்து எழுதுவோரைக் குறிக்கும் விரிந்த பெயர். வானொலிக்கென்று மெருகேற்றப்பட்ட கன்ட்ரியோடு பொருந்தாத பலர் இந்தக் கூரையின் கீழ் வருகிறார்கள். பிரிட்டிஷ் கலைஞர்கள் பலரும் அப்படியே.)

அந்த ஆல்பத்தில் வாசித்தவர்களைப் பாருங்கள். பாஸ் வாசித்த டேவ் ரோ, அமெரிக்கக் கன்ட்ரி பாடகர் ஜானி கேஷின் குழுவில் இருந்தவர். டிரம்ஸ் வாசித்த ஜீன் கிறிஸ்மனும் விசைப்பலகை வாசித்த பாபி உட்டும் 1968இல் மெம்ஃபிஸ் நகரில், லண்டனில் பிறந்த டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்டின் புகழ்பெற்ற ஆல்பத்துக்கு வாசித்தவர்கள். அரை நூற்றாண்டு இடைவெளியில் இரண்டு ஆங்கிலேயப் பெண்கள் கடல் கடந்துபோய் அதே கைகளோடு பாடியிருக்கிறார்கள். யோலாவின் பாடல்களைக் கேட்டால் கன்ட்ரியின் கதை சொல்லும் அமைதியும் சோல் இசையின் பெருங்குரலும் ஒன்றையொன்று விட்டுக்கொடுக்காமல் நிற்பது தெரியும். மெல்லத் தொடங்கி, சரணம் முழுவதும் குரலை அடக்கிவைத்து, பல்லவியின் கடைசி வரியில் மட்டும் முழுக்கத் திறப்பார். டாலியின் சிக்கனத்தை எங்கே நிறுத்த வேண்டும், அரீத்தாவின் வீச்சை எங்கே தொடங்க வேண்டும் என்ற தீர்மானம் அவருடையது. அது எந்த இசைத்தட்டிலிருந்தும் வந்ததல்ல. ஆண்டுக்கணக்காக ஆட்கள் முன்னால் நின்று பாடியதில் வந்தது. 2020 கிராமி விருதுகளில் சிறந்த புதிய கலைஞர் உட்பட நான்கு பிரிவுகளில் அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டபோது அவருக்கு வயது முப்பத்தாறு. ‘வளர்ந்துவரும் கலைஞர்’ என்ற அடைமொழி வயதைப் பற்றியது அன்று என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது.

இதற்கு மாறான வழியில் வந்தவர் ஜேட் பர்ட். 1997இல் நார்தம்பர்லண்டின் ஹெக்சம் ஊரில் பிறந்தவர். கிராய்டனிலுள்ள பிரிட் பள்ளியில் இசை பயின்றவர். பத்தொன்பது வயதில், 2017இல், முதல் சிறு ஆல்பத்தை வெளியிட்டார். கிடாரைத் தாளக்கருவிபோல அடித்து வாசித்து, குரல் கீறும் அளவுக்கு உரத்துப் பாடும் அவருடைய முறையில் கன்ட்ரியும் தொண்ணூறுகளின் ராக்கும் மோதிக்கொள்கின்றன. யோலாவிடம் தாக்கங்கள் கலந்து ஒன்றாகின; ஜேட் பர்டிடம் அவை உரசுகின்றன, அந்த உரசலே சுவை.

மேடைக்கு வருவோம். பிரிட்டனில் புதிய பாடகர் ஒருவரின் முதல் மேடை பெரும்பாலும் பப் என்னும் மதுக்கூடம் ஒன்றின் மூலையாக இருக்கும். ஓப்பன் மைக் எனப்படும் இரவுகளில் யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்து இரண்டு மூன்று பாடல்கள் பாடலாம். ஊதியம் இல்லை; கேட்க வந்தவர்களும் குறைவு, பெரும்பாலானோர் நண்பர்களோடு பேசிக்கொண்டு மது அருந்த வந்தவர்கள். இங்கே புதியவர் முதலில் கற்பது, தன் பாடலின் முதல் வரிக்கு எவ்வளவு பொறுப்பு இருக்கிறது என்பதைத்தான். நீண்ட கிடார் முகப்போடு தொடங்கும் பாடல் அந்த இரைச்சலில் காணாமல்போகும். ஆகவே அனைவருக்கும் தெரிந்த ஒரு பழைய பாடலை முதலில் பாடிச் செவிகளைத் திருப்பிவிட்டு, உடனே தன் பாடலை வைப்பது பலரும் கைக்கொள்ளும் வழி. பிறர் பாடலைப் பாடுவது இங்கே பயிற்சியாகவும் உதவுகிறது: வேகத்தைக் குறைத்தோ சுருதியை இறக்கியோ பாடும்போது, அந்தப் பாடலில் தன்னை ஈர்த்தது எது என்று பாடகருக்கே தெளிவாகிறது.

இத்தகைய சிறு மேடைகளுக்குச் சட்டத்தின் துணையும் உண்டு. 2012ஆம் ஆண்டின் நேரலை இசைச் சட்டம், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உரிமம் பெற்ற மதுக்கூடங்கள் காலை 8 மணி முதல் இரவு 11 மணி வரை, 200 பேர் வரையிலான கூட்டத்துக்கு, ஒலிபெருக்கியோடு கூடிய இசையைத் தனி அனுமதியின்றி நடத்த வழிசெய்தது. 2015இல் அந்த எண்ணிக்கை 500 ஆக உயர்த்தப்பட்டது. சொந்தப் பாடல்களைப் பாடுவோர் பிஆர்எஸ் என்ற உரிமைத்தொகை அமைப்பில் சேர்ந்து, தாம் மேடையில் பாடிய பாடல்களின் பட்டியலை அனுப்பினால், அவற்றுக்கான தொகை பாடலை எழுதியவருக்குப் போய்ச் சேரும். சிறிய தொகைதான். ஆனாலும் எழுதுவதும் ஒரு தொழில் என்ற உணர்வைப் புதியவருக்கு முதலில் தருவது அதுவே.

அடுத்த படி, கன்ட்ரிக்கே உரிய ஒரு வடிவம்: எழுத்தாளர் வட்டம். நாஷ்வில்லில் 1982இல் ஏமி கர்லண்ட் தொடங்கிய புளூபர்ட் கஃபே என்னும் சிறிய உணவகத்தில், 1985இல் நான்கு பாடலாசிரியர்கள் மேடையை விட்டு இறங்கி, அறையின் நடுவே ஒருவரையொருவர் பார்த்தபடி அமர்ந்து பாடினார்கள். கேட்பவர்கள் அவர்களைச் சுற்றி அமர்ந்தார்கள். ஒருவர் தன் பாடல் பிறந்த கதையைச் சொல்லிப் பாடுவார், பிறகு அடுத்தவர், முறை சுற்றிவரும். பாடும்போது பேசக் கூடாது என்பது அந்த இடத்தின் கட்டாய விதி. சுமார் தொண்ணூறு பேர் மட்டுமே அமரக்கூடிய அந்த அறையின் முறை இன்று பிரிட்டனிலும் வழக்கமாகிவிட்டது. பளபளப்பான விளக்குகளோ பின்னணிக் குழுவோ இல்லாத இந்த வட்டத்தில் பாடலுக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. பக்கத்தில் அமர்ந்திருப்பவரும் எழுத்தாளரே என்பதால், தேய்ந்துபோன ஒரு சொற்றொடரை வைத்து எழுதிய வரி அவர் முகத்திலேயே தெரிந்துவிடும். புதியவரின் எழுத்தைக் கூர்மையாக்குவதில் எந்தப் பள்ளியும் இதற்கு ஈடாகாது என்று நம்புகிறேன்.

பெரிய கலைஞருக்கு முன்னால் பாடும் வாய்ப்பு மூன்றாவது படி. இதற்குப் பெரும்பாலும் அரைமணி நேரம் தருவார்கள். ஒரு பாடல் மூன்றரை நிமிடம் என்றால் ஆறு பாடல்களுக்கு 21 நிமிடம். மீதி ஒன்பது நிமிடம் என்ன ஆகிறது என்பதில்தான் அனுபவசாலிக்கும் புதியவருக்கும் உள்ள வேறுபாடு தெரியும். கிடாரின் சுருதியை மாற்ற வேண்டியிருக்கும். கேப்போ என்னும் சிறு பிடிப்பானைக் கிடாரின் கழுத்துப்பகுதியில் இடம் மாற்றிப் பொருத்த வேண்டியிருக்கும். அந்த நொடிகளை மௌனத்தில் விட்டால் அரங்கம் கைநழுவும். எனவே அங்கே பேச்சு வருகிறது: யாருக்காக இந்தப் பாடல், எந்த ஊரில் எழுதியது, பாட்டி என்ன சொன்னாள். கன்ட்ரி மேடையில் இந்தப் பேச்சு பாடலின் பகுதியே. ஆனால் அளவு முக்கியம். பாடல் சொல்லப்போவதை முன்பே சொல்லிவிட்டால் பாடலுக்கு வேலையில்லாமல் போகும். நல்ல மேடைப்பேச்சு கதையின் வாசல்வரை மட்டும் அழைத்துச்சென்று நின்றுவிடும்.

குழுவோடு பாடும்போது வேறொரு திறமை தேவைப்படுகிறது. புதியவரால் நிலையான குழுவை வைத்துக்கொள்ள முடியாது. ஒவ்வொரு ஊரிலும் கிடைக்கும் இசைஞர்களோடு ஒரே ஒத்திகையில் தயாராக வேண்டியிருக்கும். இதற்குக் கைகொடுப்பது நாஷ்வில் எண் முறை. 1950களின் பிற்பகுதியில் நீல் மேத்யூஸ் என்ற பாடகர் உருவாக்கி, சார்லி மெக்காய் போன்ற இசைஞர்கள் பரப்பிய முறை இது. கார்டுகளைப் பெயரால் குறிக்காமல் அவற்றின் இடத்தால் குறிப்பார்கள். ஜி சுருதியில் ஜி என்பது 1, சி என்பது 4, டி என்பது 5. பாடகருக்குத் தொண்டை சரியில்லை, சுருதியை இறக்க வேண்டும் என்றால் தாளில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. எண்கள் அப்படியே இருக்கும், 1 என்பது எது என்று மட்டும் சொன்னால் போதும். (அதே சார்லி மெக்காய் யோலாவின் ஆல்பத்திலும் மௌத் ஆர்கன் வாசித்திருக்கிறார்.)

பெரிய விழாக்களில் 2013இல் லண்டனின் ஓ2 அரங்கில் தொடங்கிய ‘கன்ட்ரி டு கன்ட்ரி’யைக் குறிப்பிட வேண்டும். முதன்மை மேடை பெரும்பாலும் அமெரிக்க நட்சத்திரங்களுக்கு உரியது. ஆனால் அரங்கைச் சுற்றிலும் அமைக்கப்படும் சிறு மேடைகளில் நாள் முழுவதும் பாடுகிறவர்களில் பெரும்பகுதியினர் புதிய கலைஞர்கள், பிரிட்டிஷ் பாடகர்களும் அவர்களில் உண்டு. அங்கே நிற்பவர்கள் கன்ட்ரியை நன்கு அறிந்த ரசிகர்கள். அமெரிக்கப் பாடகரைப் போல ஒலிப்பது இங்கே எந்தச் சிறப்பையும் தராது. அசல் கலைஞர் அன்று மாலையே அதே வளாகத்தில் பாடப்போகிறார். தனக்கென்று ஒன்று இல்லாதவர் மறக்கப்படுவார். பப்பின் கவனமின்மை, வட்டத்தின் கூர்ந்த செவி, விழாவின் ஒப்பீடு ஆகிய மூன்றும் மூன்று விதமாகப் பாடகரைச் சலித்தெடுக்கின்றன. டாலியிடமிருந்தோ ஜானி கேஷிடமிருந்தோ கேட்டுப் பழகிய பாணிகளில், இந்த மூன்றிலும் தாங்கி நின்றவையே அவருடைய இசையில் எஞ்சுகின்றன.

இந்தப் பாதையின் தொலைதூரத்தையும் ஒருமுறை பார்த்துவிடலாம். 2019இல் தி ஹைவிமன் என்ற அமெரிக்கக் கன்ட்ரிப் பெண்கள் குழு தன் பெயரிலேயே அமைந்த பாடலைப் பதிவு செய்தது. வரலாற்றில் வெவ்வேறு காலங்களில் உயிரிழந்த பெண்களின் குரல்களாக அமைந்த அதன் சரணங்களில் ஒன்று, இன ஒதுக்கலை எதிர்த்து அமெரிக்கத் தென்மாநிலங்களுக்குப் பேருந்தில் சென்ற விடுதலைப் பயணி ஒருத்தியின் குரல். அந்தச் சரணத்தைப் பாட அவர்கள் அழைத்தது யோலாவை.

கேட்கத் தொடங்க விரும்புவோர் ஒரு கலைஞரின் ஒரே பாடலை இரண்டு வடிவங்களில் கேட்பது நல்லது. முதலில் கிடாரும் குரலும் மட்டுமுள்ள நேரலைப் பதிவு, பிறகு ஆல்பத்தில் உள்ள வடிவம். நேரலையில் எந்தச் சொல்லை இழுக்கிறார், எங்கே மூச்சு வாங்குகிறார், எந்த வரிக்குக் கூட்டம் அமைதியாகிறது என்பதைக் குறித்துக்கொண்டு ஆல்பத்துக்குப் போனால், பெடல் ஸ்டீல் கிடாரும் ஃபிடில் என்னும் வயலினும் எந்த இடத்தை நிரப்ப வந்தன என்பது புரியும். வார்ட் தாமஸின் பாடல்களில் சகோதரிகள் இருவரின் குரல்களும் எப்போது பிரிந்து எப்போது இணைகின்றன என்பதை மட்டும் ஒருமுறை தனியாகக் கவனியுங்கள். குடும்பத்தினர் இணைந்து பாடும் கன்ட்ரி மரபு எவ்வளவு பழையது என்று பிறகு கார்ட்டர் குடும்பத்தின் 1927 பதிவுகளைக் கேட்டுப் பார்க்கலாம். அங்கே குரல்கள் கரடுமுரடானவை, ஒலிப்பதிவில் இரைச்சல் இருக்கும். மேபல் கார்ட்டர் கட்டைவிரலால் தடித்த நரம்புகளில் மெட்டையும் சுட்டுவிரலால் மெல்லிய நரம்புகளில் தாளத்தையும் ஒருசேர வாசிப்பதைக் கவனித்துவிட்டால், இன்று பிரிட்டனில் தனி ஆளாகக் கிடாரோடு மேடையேறும் கன்ட்ரி பாடகர்கள் பலரின் கையிலும் அதை அடையாளம் காணலாம்.